முன்னிறுக்கம் என்னும் சொல்: காப்புரிமைத் தேர்வும் தோட்டத் தமிழும்



வாழ்நாள் முழுவதும் எழுத்தையும் சொல்லையும் ஆராய்ந்த யாம், வண்டியின் பல்சக்கரத்தைப் பற்றிப் பேச வந்ததேன் என்று அவையோர் வினவலாம். காரணம் எளிது. காப்புரிமை அலுவலகத்தில் தேர்வாளரின் மேசைமேல் வண்டி நிற்பதில்லை, பல்சக்கரமும் கிடப்பதில்லை. அங்கே இருப்பவை சில படங்களும் பல வாக்கியங்களுமே. அவ்வாக்கியங்களுள் ஒரு பெயரெச்சம் எதுவரை செல்லும் என்பதைக் கொண்டே ஒருவருக்கு 20 ஆண்டு உரிமை கிடைப்பதும் கிடையாமற்போவதும் முடிவாகின்றன. ஆகவே அது மொழியியலாரின் எல்லைக்குள்ளும் வருவதே.

1. மலைச்சரிவில் ஒரு பட்டறை

வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தை அளக்க வந்தது 1885இல். ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். காடு திருத்தியவர்களும் கொழுந்து கிள்ளியவர்களுமாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் இச்சரிவுகளில் ஊன்றிய மொழி, இன்று தொழிற்சாலையிலும் வண்டிப் பட்டறையிலும் வாழ்கிறது. செம்மண் பாதை, இடைவிடாத மழை, செங்குத்தான வளைவு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் வண்டியின் பின்னச்சு பழுதாகாமல் என்ன செய்யும்? பழைய லேண்ட் ரோவர்கள் இம்மலையில் இன்றும் ஓடுகின்றன என்றால், அவற்றைத் திறந்து மூடிய கைகளே அதற்குக் காரணம்.

தொழிற்சொற்களைத் தொகுப்பதற்காக ஒரு தோட்டத்தை அடுத்த பட்டறைக்குச் சென்றிருந்தோம். அறுபதை எட்டிய பழுதுநீக்குநர் ஒருவர், பிக்கப் வண்டி ஒன்றின் பின்னச்சைப் பிரித்து வைத்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறோம்:

“ஐயா, ஒரு சக்கரம் சேத்துல மாட்டிச்சுன்னா அது மட்டும் சும்மா சுத்தும். நல்ல தரையில இருக்கிறது அசையாது. அதனால உள்ள முன்னாடியே ஒரு பிடி குடுத்து வச்சிடணும். அப்பா லோரி ஓட்டுன காலத்துலேருந்து இப்படித்தான் செய்றோம்.”

பிடி எவ்வளவு என்பதை எவ்வாறு அறிவீர்கள் என்றோம். ஒரு பின்சக்கரத்தைத் தரையில் ஊன்றவிட்டு, மறுசக்கரத்தைத் தூக்கி, கியரை விடுவித்து, அரை மீட்டர் குழாயைத் தூக்கிய சக்கரத்தில் பொருத்தி, அதன் நுனியில் வில்தராசை மாட்டி இழுத்துக் காட்டினார். தராசு 12 கிலோவைக் காட்டியபோது சக்கரம் அசைந்தது. பொறியியல் அளவில் இது ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர். அளவுகோலும் முறையும் அவரிடம் இருந்தன. எழுத்து மட்டும் இல்லை. எந்த வண்டிக்கு எத்தனை தகடு இட்டார், எவ்வளவு பிடி வைத்தார் என்று ஒரு தாளிலும் குறித்ததில்லை.

2. பொருள் இயங்கும் முறை

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தினும் மிகுதியான தொலைவு ஓடவேண்டும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தருவதே வேறுபாட்டுப் பல்லிணை. பட்டறையில் இதனை ‘டிப்ரன்சல்’ என்பர். இதில் ஒரு குறை உண்டு. இயல்பான பல்லிணை இரு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசையையே தரும். சேற்றில் நிற்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டரை மட்டுமே தாங்குமாயின், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்த 100தான் கிடைக்கும். வண்டி ஏறாது.

இதற்குத் தீர்வாக, பக்கப் பல்சக்கரங்களை அடுத்து உராய்வுத் தட்டுகளை அடுக்கி வைத்தனர். அவ்வுராய்வு 150 நியூட்டன் மீட்டர் எனக் கொண்டால், கெட்டித் தரைச் சக்கரத்துக்கு 250 கிடைக்கும். பந்தய வண்டியின் சக்கரம் வீணே சுழல்வதைத் தடுக்கவேண்டி, போர்ஷேயின் வேண்டுகோளின்படி ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 1935இல் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் பல்லிணை ஒன்றை உருவாக்கியது. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1956இல் விற்பனைக் கார்களில் இவ்வகைப் பல்லிணையைத் தந்தது.

இவ்வகைப் பல அமைப்புகளில், எஞ்சின் தரும் விசையே சாய்தளங்களின் வழியே தட்டுகளை நெருக்குகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் முறுக்குவிசை எழாது, நெருக்கமும் எழாது. எனவே விசை வருமுன்னரே விற்களைக் கொண்டு தட்டுகளைச் சற்றே நெருக்கி வைக்கவேண்டும். பழுதுநீக்குநர் சொன்ன ‘முன்னாடியே குடுத்து வைக்கிற பிடி’ இதுவே. இது குறைந்தால் வண்டி ஏறாது. மிகுந்தாலோ வளைவில் டயர் தேயும், தட்டும் தேயும். வழுக்கும் சரிவில் இரு சக்கரமும் ஒருங்கே சுழன்று வண்டி பக்கவாட்டில் சறுக்கும். மூட்டை ஏற்றிய வண்டிக்கும் வெறும் வண்டிக்கும், தார்ச்சாலைக்கும் தோட்டப் பாதைக்கும் வேண்டிய பிடி ஒன்றன்று. அதனை மாற்றிக்கொள்ள வழி தேடியவர் பலர்.

3. தேர்வாளர் முன் ஒரு வாக்கியம்

இப்பொருளுக்குக் காப்புரிமை கேட்டு ஒருவர் வருகிறார் என்க. அவர் எழுதும் உரிமைக்கோரிக்கையை, விளக்கத்துக்காக யாமே தமிழில் அமைத்துக் காட்டுகிறோம்:

“ஓர் உறையும், அவ்வுறையினுள் அமைந்த இரு பக்கப் பல்சக்கரங்களும், அவற்றோடு இணைந்த உராய்வுத் தட்டடுக்கும், அவ்வடுக்கின்மேல் முன்னிறுக்கம் செலுத்தும் வில்லும் உடையதும், அம்முன்னிறுக்கம் மாற்றத்தக்கதும் ஆகிய வேறுபாட்டுப் பல்லிணை.”

தேர்வாளர் இதனைச் சீர்பிரிப்பதுபோல் உறுப்பு உறுப்பாகப் பிரிப்பார். எல்லா உறுப்புகளையும் ஒருங்கே காட்டும் முந்தைய சான்று ஒன்றேனும் உண்டா எனத் தேடுவார். இருப்பின் புதுமை இல்லை. உறை, பல்சக்கரம், தட்டு, வில் ஆகிய யாவும் பழையன. எஞ்சுவது ‘மாற்றத்தக்கது’ என்னும் ஒரு சொல். அச்சைப் பிரித்து, மெல்லிய தகட்டை எடுத்துத் தடித்த தகட்டை இடுவதும் மாற்றமே அல்லவா? அதனைச் சொல்லும் பழைய கையேடு ஒன்று கிடைத்தால் கோரிக்கை வீழும்.

விண்ணப்பதாரர் சுருக்கிக்கொள்வார்: “அச்சுக்கூட்டினின்று பல்லிணையைக் கழற்றாமலே, வெளியிலிருந்து திருகப்படும் திருகினால் மாற்றத்தக்கது.” முதலில் அளித்த விவரணையில் இச்செய்தி இருந்தாலன்றி இதனைச் சேர்க்க இயலாது. இருந்தால் புதுமை நிலைக்கலாம். அடுத்த வினா எழும்: திருகினால் வில்லை நெருக்குவது எல்லா இயந்திரத்திலும் உள்ளதே, துறையறிந்த எவரும் எளிதில் எண்ணத்தக்கதன்றோ? ஈண்டுத்தான் பொருளின் உயிர்நிலை வெளிப்படுகிறது. உறை சுழல்வது, திருகும் அதனோடு சுழல்வது. சுழலும் திருகை வெளியிலிருந்து எட்டுவது எங்ஙனம்? எட்டித் திருகியபின் அதிர்வில் தளராமல் நிற்பது எங்ஙனம்? இடத்தட்டும் வலத்தட்டும் ஒப்ப நெருங்குவது எங்ஙனம்? இவற்றுக்கு விண்ணப்பதாரர் கண்ட விடையே கண்டுபிடிப்பு. அவ்விடை வாக்கியத்தில் இல்லையேல், பொருளில் இருந்தும் உரிமையில் இல்லை.

4. நம் இலக்கணம் கைகொடுக்குமா?

முதலில் சொல்லாக்கத்தைப் பார்ப்போம். ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து ‘முன்சுமை’ என மொழிபெயர்ப்பது எளிது. ஆயினும் சுமை என்றால் வண்டியில் ஏற்றிய மூட்டையே தமிழர் நெஞ்சில் எழும். தேயிலை மூட்டை ஏற்றும் வண்டியைப் பற்றிய நூலில் இச்சொல் பெருங்குழப்பம் விளைக்கும். பட்டறை நமக்குத் தந்தது ‘பிடி’. பிடித்தலும் பற்றுதலும் உராய்வும் அதில் அடங்கும். எனினும் கைப்பிடியும் பிடியே ஆதலால், சட்ட வாக்கியத்துக்கு ‘முன்னிறுக்கம்’ என்பதைக் கொண்டோம். விளக்கவுரைக்கு ‘முன்பிடி’ என்பதைப் போற்றுகிறோம்.

அடுத்தது தொடரமைப்பு. நம் மொழியின் அழகுகளுள் ஒன்று வினைத்தொகை. சுடுசோறு என்றால் சுட்டதோ, சுடுகின்றதோ, சுடுவதோ எனக் காலம் மறைந்து நிற்கும். செய்யுளில் இது செறிவு. உரிமைக்கோரிக்கையில் இது வழக்கு. ‘இறுக்குதட்டு’ என எழுதினால், ஏற்கனவே இறுக்கப்பட்ட தட்டா, இறுக்கும் தட்டா, இறுக்கப்படவுள்ள தட்டா? மூன்றும் மூன்று வேறு உறுப்புகள். இவ்விடத்தில் தொகையை விரித்தே எழுதவேண்டும். உம்மைத்தொகையும் அவ்வாறே. ‘வில் திருகுகள்’ என்பதில் வில்லும் திருகும் தனித்தனியா, வில்லையுடைய திருகுகளா என்பதை உம்மை இட்டே தெளிவாக்கவேண்டும்.

இத்தெளிவு தமிழுக்குப் புதிதன்று. நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்தார். அவற்றுள் குன்றக்கூறலைக் காப்புரிமைத் தேர்வாளர், போதிய விவரம் இல்லை என மறுப்பார். மயங்கவைத்தலைத் தெளிவின்மை என மறுப்பார். மாறுகொளக் கூறலை, கோரிக்கையும் விவரணையும் முரண்படுகின்றன என மறுப்பார். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்த அளவுகோலைப் பட்டறை வாக்கியத்தின்மேல் வைத்துப் பார்க்க நாம் பழகவில்லை, குறை அவ்வளவே.

5. சட்டம் கேட்கும் சான்று

மலேசியக் காப்புரிமைச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டு, 1986 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின்படி, உலகில் எங்கேனும் எழுத்தாலோ வாய்மொழியாலோ பயன்பாட்டாலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்ட யாவும் முந்தைய அறிவாகும். மொழி எது என்ற வரையறை அதில் இல்லை. இம்மலையில் ஒரு பழுதுநீக்குநர் பலர் கேட்கச் சொன்ன தமிழும் சட்டத்தின் கண்ணில் அறிவே. அச்சுக்கூட்டினுள் மறைந்திருக்கும் தகட்டை எவரும் காணார். அவர் வாய்திறந்து சொன்னதே வெளிப்பாடு. ஆனால் அதனை எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார், என்ன சொன்னார் என்பதற்குச் சான்று வேண்டும். தேர்வாளர் தேடுவது எழுத்துத் தொகுப்புகளையே.

மஞ்சளின் வரலாற்றை நினைவுகூர்வோம். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் அதனை எதிர்த்து, 1997இல் நீக்கச் செய்தது. நம் பாட்டியர் அனைவரும் அறிந்த செய்திதான். எனினும் வென்றவை பழைய நூற்சான்றுகளும், 1953இல் இந்திய மருத்துவக் கழக இதழில் வெளியான கட்டுரையும். அந்நாளைய அமெரிக்கச் சட்டம் பிற நாட்டுப் பயன்பாட்டைச் சான்றாகக் கொள்ளவில்லை. அச்சில் வந்ததையே கொண்டது. அவ்வனுபவத்தின் பின் 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் நம் சித்த மருத்துவ நூல்களும் இடம்பெற்றன. 2009 முதல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத் தேர்வாளர்களும் அதனைப் பார்க்கின்றனர். தமிழில் எழுதப்பட்ட மருந்து, மியூனிக் நகரத்து மேசையில் இன்று சான்றாக நிற்கிறது. தமிழில் பேசப்பட்ட பட்டறை அறிவுக்கு அத்தகைய இடம் இல்லை.

யாம் கண்ட பழுதுநீக்குநர் செய்தது பிற நாட்டுக் கையேடுகளிலும் உள்ள முறையே. அவருக்கு அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. நாளை வேறொருவர், எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒன்றை இச்சரிவில் காணக்கூடும். பிறர் அதனைப் பின்னர்க் கண்டு காப்புரிமை பெற்றால், முன்பே பயன்படுத்தியவர் தொடர்ந்து பயன்படுத்தச் சட்டம் இடந்தருகிறது. அதற்கும் சான்று வேண்டும். அதனைத் தருவதற்கு அவரிடம் ஒரு தாளேனும் இருக்கவேண்டும்.

6. செய்யவேண்டியவை

இக்கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: சொற்றொகுப்பில் சொல்லை மட்டும் எழுதாமல், சொன்ன நாள், இடம், முழு வாக்கியம், கைப்படம், அளவு ஆகியவற்றையும் பதிவு செய்க. அதனை நாள் குறித்து அச்சிட்டு நூலகத்தில் வைத்தால், அகராதிக்கான தரவே சட்டச் சான்றாகவும் ஆகும்.

இரண்டு: அச்சிடுமுன் சொன்னவரின் இசைவைக் கேட்க. வெளியிட்ட செய்தி அவருடைய புதுமையையே கெடுக்கக்கூடும். தாமே வெளியிட்டபின் விண்ணப்பிக்க மலேசியச் சட்டம் ஓராண்டு இடம் தருகிறது. ஐரோப்பாவில் அத்தகைய பொது இடைவெளி இல்லை. களஆய்வில் நாம் பலகாலம் இதனை எண்ணியதே இல்லை. யாமும் எண்ணாமல் அச்சிட்டிருக்கிறோம் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்கிறோம். இம்முறை கேட்டோம். “எழுதுங்க ஐயா, நாலு பேருக்கு உதவட்டும்” என்றார்.

மூன்று: உயர்நிலைப் பள்ளித் தமிழ் வகுப்பில் ஆண்டுக்கு ஒரு முறையேனும், மாணவர் தம் வீட்டிலோ தோட்டத்திலோ உள்ள கருவி ஒன்றை ஒரே வாக்கியத்தில், மயக்கமின்றி எழுதட்டும். மலேசியாவில் காப்புரிமை விண்ணப்பம் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் அமையவேண்டும், அது தெரிந்ததே. தாய்மொழியில் ஒரு பொருளின் உறுப்புகளை எல்லை பிரித்துச் சொல்லப் பழகியவர், பிற மொழியில் வழக்குரைஞர் எழுதித் தரும் வாக்கியத்தில் தம் கண்டுபிடிப்பு முழுமையாக அடங்கியுள்ளதா எனக் கேட்கும் துணிவு பெறுவர்.

அப்பட்டறையில் குறித்தவற்றைப் படியெடுத்து, நாளிட்டு, அவர் கையொப்பமும் பெற்று இக்கழகத்தின் நூலகத்தில் இன்று ஒப்படைக்கிறோம். அதன் முதற்சொல் ‘பிடி’.