ஊசலாக நிற்கும் மாலுமி

ஐதராபாத்தில் வாழும் நேயர்கள் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக் கடியாரத்தைக் கண்டிருப்பீர்கள். மணிதோறும் ஒரு சிறு பொம்மை வெளிவந்து சேகண்டியை அடித்துவிட்டு உள்ளே செல்வதைக் காணக் கூட்டம் காத்திருக்கும். அது குக் அண்டு கெல்வி என்ற ஆங்கில நிறுவனத்தின் பெயர் தாங்கியது. இன்று நாம் பேசவிருப்பவையோ பிரெஞ்சு இல்லங்களில் கணப்படுப்பின் மேற்பலகையில் வீற்றிருந்த கடியாரங்கள். அவற்றுள் சிலவற்றில் பொம்மையின் பணி மணியடிப்பதினும் பெரிது.

பாரிஸ் நகரில் ஆந்த்ரே ரோமேன் கில்மே (1827–1892) என்றொரு கடியார வல்லுநர் இருந்தார். நீராவி யந்திரம் பிரெஞ்சு நாட்டின் முகத்தையே மாற்றிய காலம் அது. கலங்கரை விளக்கம், காற்றாலை, நீராவிச் சம்மட்டி ஆகியன உலோகத்தில் சிற்றுருப் பெற்றுச் செல்வர் இல்லம் புகுந்தன. சம்மட்டியின் பேரோசையை அருகிருந்து கேட்டறியாதவரும் அதனைக் கூடத்தில் வைத்து மகிழ்ந்தனர் போலும்!

காற்றாலைக் கடியாரத்தில் இறக்கைகளைச் சுழற்றத் தனியே ஒரு சுருள்வில் உண்டு. அதனை நிறுத்தினாலும் மணி ஓடும். ஆகவே இறக்கை வெறும் அணியே. கில்மேயின் கப்பல்தளக் கடியாரம் அத்தகையதன்று. சுக்கானைப் பற்றி நிற்கும் மாலுமி, அலைகடலில் நிற்பவனைப் போல் இடமும் வலமும் சாய்கிறான். அவனே ஊசல். தளத்தின் அடியில் மறைந்துள்ள பாரம் அவனைச் சமன் செய்கிறது. அவன் இருபுறமும் சாய்ந்து மீளுந்தோறும் உள்ளே சக்கரத்தின் ஒரு பல் விடுபட, முள் நகர்கிறது. அவனைக் கையால் பிடித்து நிறுத்தினால் கடியாரமும் நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறான விந்தை ஒன்றையும் அவர் படைத்தார். வெண்கலப் பெண்ணொருத்தியின் நீட்டிய கையில் ஊசல் தொங்குகிறது. கடியாரத்தோடு அதற்கு யாதொரு தொடர்பும் புலப்படவில்லை. ஆயினும் ஓயாது ஆடுகிறது. உள்ளிருக்கும் பொறி அப்பெண்ணுருவையே கண்ணுக்கு அகப்படாத அளவில் இடமும் வலமுமாகத் திருப்புகிறது. அசையாதவள் என்று நாம் கருதியவளே ஆட்டுகிறாள்!

இத்தகைய பொருள் ஒருவர் கைக்கு வந்தால் யாது செய்வது? ஓடினால் தேயுமென்று நிறுத்தி வைப்போர் உளர். அவ்வச்சம் நியாயமானதே, பழைய எண்ணெய் தூசியோடு கலந்து அச்சுமுனைகளை அரம்போல் அராவும். ஆயின், பழங்கடியாரங்கள் பலவற்றுக்கு நேர்ந்த வேறொரு கேடு இதனினும் கொடிது. உட்பொறியை அகற்றி மின்கலப் பொறியைப் பொருத்திவிடுகின்றனர். முள் சுற்றும், மாலுமியோ அசையான். பொறியைக் கழற்றித் துடைத்துப் புதிய எண்ணெயிட்டு, விருந்தினர் வரும் நாளிலேனும் சாவி கொடுத்து ஓட்டலாம் என்பது நம் கருத்து. பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்குமுன், உட்பொறியை மாற்றலாகாது என்பதை அவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.