கரிமணலும் எக்ஸ்கதிரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அதிலுள்ள இல்மனைற்று என்னும் கனியம் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. காந்தத்தைக் கொண்டே அதை ஏனைய மணலினின்றும் பிரிக்கிறார்கள். பின்னர் பெரும்பாலும் கப்பலேற்றி விடுகிறார்கள். அது வேறு கதை. அந்த மணியினுள்ளே காந்தத்தன்மை எந்த அணுவிலே உறைகின்றது? இரும்பிலா, தைத்தேனியத்திலா?

வத்திராயிருப்பிலே 1898 இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவர்களை இராமனுடைய துணைவராகவே நாம் அறிவோம். டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் பளிங்குகளின் காந்தத்தன்மையை ஆராய்ந்தது அதற்குக் குறைந்த வேலையன்று. சிறு பளிங்கொன்றை மெல்லிய படிக இழையிலே தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு முறுகுகிறதென்று அளந்தார். செலவு சொற்பம், பயனோ பெரிது. ஆயினும் அம்முறை முழுப் பளிங்கின் விடையைத்தான் தரும். தேர்த் திருவிழா இரைச்சலிலே யார் என்ன சொன்னாரென்று பிரித்தறிய முடியுமா?

எக்ஸ்கதிரோ ஒவ்வோர் அணுவையும் பெயர் சொல்லி அழைக்கும். ஏறத்தாழ 707 இலத்திரன் வோல்ற்றிலே இரும்பு அதை விழுங்கும். தைத்தேனியம் 460 அளவிலே விழுங்கும். அக்கதிரைச் சங்கைப் போல வலம்புரியாகவும் இடம்புரியாகவும் சுழன்று வரச் செய்யலாம். கதிரின் வழியே காந்தப்புலத்தை நிறுத்தினால், காந்தமுள்ள அணு ஒன்றைச் சற்றுக் கூடுதலாகவும் மற்றதைக் குறைவாகவும் விழுங்கும். அந்த வித்தியாசமே அவ்வணுவின் காந்த வலிமையைச் சொல்லும். 1987 இல் ஜேர்மனியிலே கிஸேலா ஷூட்ஸ் என்னும் அம்மையாரும் குழுவினரும் இரும்பிலே இதைக் கண்டு காட்டினர்.

வலிய புலம் ஏன்? இல்மனைற்றைச் சுழியத்துக்குக் கீழ் 220 பாகையளவுக்குக் குளிர்த்தினால், அடுத்தடுத்த படைகளிலுள்ள இரும்பணுக்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துவிடும். வலம்புரிக்கும் இடம்புரிக்கும் வித்தியாசம் இராது. அப்பிடிவாதத்தை அசைக்க 10 டெஸ்லா அளவு வேண்டும். அது நம்மூரில் பூமி தரும் புலத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மடங்கு. பிரான்சிலே கிரனோபிள் நகரில் 17 டெஸ்லா வரை வைத்து ஆராய்கிறார்கள். இத்தகைய கதிரைத் தரும் ஒளிவளையம் இலங்கையில் இல்லை. அண்டையிலே இந்தூரில் இந்துஸ்-2 இயங்குகிறது.

முதற் கேள்விக்கு விடை: ஏறக்குறைய முழுவதும் இரும்பிலேதான். தைத்தேனியம் தன் வெளி இலத்திரன்களை ஒட்சிசனிடம் இழந்து வெறுங்கையாய் நிற்கிறது.

மேசையிலே ஒரு பிடி கரிமணலும் ஒரு காந்தமும் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள்.