செயலியின் சரக்குப் பட்டியல்



கண்டி மாநகருக்குக் கிழக்கே, விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள சிற்றூர் திகன. 2018ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் அங்கே மூண்ட கலவரத்தில் கடைகளும் இல்லங்களும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மறுநாள் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. வெறுப்புரைகள் கைத்தொலைபேசி வாயிலாகப் பரவுவதைத் தடுக்கும் நோக்குடன், 7ஆம் நாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவற்றை அரசாங்கம் முடக்கியது.

கதவு அடைபட்டால் பலகணியைத் தேடுவது மனித இயல்பு. தடையைத் தாண்டும் பொருட்டு, வி.பி.என். எனப்படும் செயலிகளை நாட்டில் பலர் அவசரமாகத் தங்கள் கருவிகளில் ஏற்றிக்கொண்டனர். ஊரடங்கு வேளையில் உறவினரின் நலம் அறியத் துடித்தவரை யார் குறைகூற இயலும்? ஆயினும், அவர்கள் வீட்டுக்குள் அழைத்த விருந்தாளி யார் என்பதை எத்தனை பேர் விசாரித்தனர்?

விக்டோரியா அணையின் நீர் சுரங்கவழியே மின்நிலையத்தைச் சென்றடைவதைத் திகனவாசிகள் அறிவர். வி.பி.என். செயலியும் அத்தகைய சுரங்கமே. தொலைபேசியிலிருந்து புறப்படும் செய்தி யாவும் அதனூடாகவே ஓடுகின்றன. சுரங்கத்துக்கு உரியவன் நினைத்தால் ஓடுவதை அள்ளியும் பார்க்கலாம்.

அவனை விசாரிக்க ஒரு வழி உண்டு. அன்ட்ரொயிட் செயலி ஒவ்வொன்றினுள்ளும் 'மெனிபெஸ்ட்' என்னும் அமைப்புக் கோப்பு ஒன்று இருந்தே தீரவேண்டும். கப்பலில் ஏற்றிய சரக்குகளின் பட்டியலுக்கு வழங்கும் பெயரே இதற்கும் வாய்த்தது பொருத்தமானதே. செயலியின் அடையாளப் பெயர், அதன் உறுப்புகள், அது வேண்டும் அனுமதிகள் அனைத்தும் அதில் எழுதப்பட்டிருக்கும். அதில் கேட்காத அனுமதியைத் தொலைபேசி வழங்காது. வெளியிடப்பட்ட செயலியில் இக்கோப்பு கணினிக்கேற்ற குறியீடாகச் சுருக்கப்பட்டிருப்பினும், அதனை மீண்டும் விரித்துப் படிக்கத்தக்க கருவிகள் உள்ளன.

அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தினரும் அவர்தம் துணைவர்களும் இவ்வாறே படித்தனர். 2016ஆம் ஆண்டு வெளியான அவர்களது ஆய்வு, கூகுள் அங்காடியின் 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட செயலிகளைச் சல்லடையிட்டது. சுரங்கம் அமைக்க விரும்பும் செயலி, 'பைண்ட் வி.பி.என். சேர்விஸ்' என்னும் சொற்றொடரைத் தன் பட்டியலில் எழுதாமல் இயங்க முடியாது. அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டே 283 செயலிகளை இனங்கண்டனர். அவற்றுள் 67 விழுக்காடு அந்தரங்கத்தையும் பாதுகாப்பையும் மேம்படுத்துவதாக விளம்பரம் செய்தவை. எனினும் 82 விழுக்காடு, பயனாளரின் கணக்குகள், குறுஞ்செய்திகள் போன்ற அந்தரங்கங்களைத் தொட அனுமதி கேட்டிருந்தன. காவற்காரனுக்கு வீட்டாரின் கடிதங்கள் எதற்கு?

பழியனைத்தையும் செயலி எழுதியவர்மீது சுமத்துவதும் நியாயமன்று. பிறர் ஆக்கிய நிரல்தொகுதிகளை எடுத்துத் தம் செயலியில் இணைப்பது இத்தொழிலின் வழக்கம். இணைக்கும்போது அத்தொகுதிகளின் பட்டியல்களும் செயலியின் பட்டியலோடு தாமாகவே கலந்துவிடுகின்றன. எழுதியவர் கேட்க நினையாத அனுமதியும் இவ்வாறு நுழைந்துவிடும். ஆதலால், இக்கலையைப் பயிலும் மாணவர் தாம் எழுதிய கோப்பைப் படித்தால் மட்டும் போதாது. கலந்து முடிந்த இறுதிக் கோப்பையே வரிவரியாகப் படித்தல் வேண்டும்.

பட்டியல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. மேற்கூறிய செயலிகளுள் 18 விழுக்காடு செய்தியை மறைகுறியாக்காமலே அனுப்பின. ஓடும் செய்தியைச் சோதித்த பின்னரே அது வெளிப்பட்டது.

பொதுமக்களுக்கு இத்துணை ஆராய்ச்சி தேவையில்லை. 2015ஆம் ஆண்டின் அன்ட்ரொயிட் ஆறாம் பதிப்பிலிருந்து, முக்கிய அனுமதிகளைச் செயலி இயங்கும்போது தனித்தனியே கேட்டாக வேண்டும். மறுக்கும் உரிமை பயனாளருக்கு உண்டு. வழங்கிய அனுமதியைத் தொலைபேசியின் அமைப்புப் பகுதியிற் சென்று மீளப் பெறவும் இயலும்.

2022 ஏப்ரல் 3ஆம் நாள் இலங்கையில் சமூக ஊடகங்கள் மறுபடியும் முடக்கப்பட்டன. அன்று அமைச்சராயிருந்த ஒருவரே, தாமும் வி.பி.என். கொண்டே எழுதுவதாக வெளிப்படையாக அறிவித்தார். அது எந்தச் செயலி என்பதை அவர் கூறவில்லை.