ஒரு சபையும் ஒரு பாடசாலையும்



தேவாலயமொன்றின் வரலாற்றைச் சொல்ல முற்படுவோர் பெரும்பாலும் அதன் கட்டடத்தின் வரலாற்றையே சொல்லி முடித்துவிடுவர். அத்திவாரக்கல் நாட்டிய நாள், மணி தொங்கவிட்ட ஆண்டு, திறந்துவைத்த பிரமுகரின் பெயர் என்று கதை முடிந்துவிடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சபைக்கோ, முதலிற் சொல்லத்தக்க கட்டடமே இருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்திலே, ஜோர்ஜியா மாநிலத்தின் தலைநகராகிய அத்லாந்தாவில், 1886ஆம் ஆண்டு ஜோன் அன்ட்ரூ பாக்கர் என்னும் போதகரால் தொடங்கப்பெற்ற எபெனேசர் பப்திஸ்து சபையே அது. எபெனேசர் என்றால் உதவியின் கல் என்பது பொருள். சாமுவேல் தீர்க்கதரிசி போர்வெற்றியின் நினைவாக நாட்டிய கல்லுக்கு இட்ட பெயர் அது.

நானோ சமயவாதியல்லேன், பாடசாலை அதிபர். ஆகவே இச்சபையின் கதையைப் பாடசாலைக்காரனின் கண்கொண்டே பார்க்கிறேன். அப்படிப் பார்க்கையில், தலைமுறை தலைமுறையாக அச்சபையார் எழுத்தறிவைத் தேடிச் சென்ற பயணமாகவே அக்கதை எனக்குத் தோன்றுகிறது.

பயணம் சபை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அடிமைகளுக்கு எழுத்து வாசிப்புக் கற்பிப்பது குற்றமென ஜோர்ஜியாவில் 1829ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில், அம்மாநிலத்துக் கிரீன் பகுதியிலே, வில்லிஸ் வில்லியம்ஸ் என்னும் அடிமை வாழ்ந்தார். அவர் 1846இல் வெள்ளையரும் அடிமைகளும் ஒருங்கே அங்கம் வகித்த ஒரு பப்திஸ்து சபையிற் சேர்ந்து, தம் இனத்தவரிடையே போதிப்பவராகவும் விளங்கினார். ஒரே கூரையின் கீழ் ஒரே தேவனை வணங்கியபோதும் ஒருவர் உடைமையாளர், மற்றவர் உடைமை. உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் விடுதலை வந்ததும், கறுப்பின மக்கள் இத்தகைய சபைகளைவிட்டுக் கூட்டங்கூட்டமாக வெளியேறித் தமக்கெனச் சபைகளை அமைத்துக்கொண்டனர்.

அது எவ்வாறு இயன்றது என்று நேயர்கள் வினவலாம். பப்திஸ்து சபைகளின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. அவர்களிடையே மேற்றிராணியார் இல்லை. ஒரு சபை மற்றொரு சபைக்குக் கட்டுப்பட்டதன்று. விசுவாசத்தைத் தாமே அறிக்கையிட்டு, நீரில் முழுகி ஞானஸ்நானம் பெற்றோர் சிலர் கூடினாற் போதும், அது ஒரு சபை. தம் போதகரைத் தாமே அழைப்பர்; தம் காணிக்கையினால் அவரைத் தாமே போஷிப்பர். வெள்ளையரின் தோட்டத்திலும் வீட்டிலும் கூலிக்கு நின்ற மக்கள் நடுவே, வெள்ளையரிடம் சம்பளம் வாங்காத ஒருவர் இவ்வாறு தோன்றினார். அவர் வாய்திறந்து பேசலாம். வேலை போய்விடும் என்று அஞ்சவேண்டியதில்லை. பின்னாளில் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் இதுவே வித்தென்பது என் கருத்து.

வில்லிஸின் மகன் அடம் டானியல் வில்லியம்ஸ் 1894ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எபெனேசர் சபையின் போதகராக அழைக்கப்பட்டார். அன்று அங்கத்தவர் பதின்மூவர்; சொந்தக் கட்டடம் இல்லை. முதலாண்டிலேயே அறுபத்தைந்து பேரைச் சேர்த்தார். 1903ஆம் ஆண்டளவில் நானூறு பேர். போதகராயிருந்தபடியே கல்லூரியிற் பயின்று 1898இல் சான்றிதழும் பெற்றார். ஓபர்ன் அவெனியூவில் இன்றும் நிற்கும் செங்கல் ஆலயம் 1914இல் தொடங்கப்பெற்று 1922இலேதான் நிறைவெய்தியது. எட்டாண்டுகள்! ஏழைகளின் காணிக்கையால் எழும் கட்டடம் விரைவாக எழுவதில்லை.

ஆலயம் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் வில்லியம்ஸ் போதகர் வேறொரு கட்டடத்துக்காகவும் போராடினார். அத்லாந்தா நகரிலே கறுப்பினப் பிள்ளைகளுக்கு அரசாங்க உயர்நிலைப் பாடசாலை ஒன்றேனும் இருக்கவில்லை. அவர்களும் வரி செலுத்தினர்; அவ்வரியில் எழுந்த உயர்நிலைப் பாடசாலைகளிலோ வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே பயின்றனர். 1919இல் பாடசாலைகள் முதலியவற்றிற்காகக் கடன்பத்திரம் வெளியிட நகரசபை மக்களின் சம்மதத்தைக் கோரியது. கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதற்சுற்றுத் தேர்தலிலே கறுப்பினத்தவருக்கு இடமில்லை. ஆனால் இவ்வாறான விசேட வாக்கெடுப்பிற் பங்குகொள்ள வழியிருந்தது. நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் அத்லாந்தாக் கிளையிலே தலைமைப் பொறுப்பு வகித்த வில்லியம்ஸும் அவருடைய தோழர்களும் தம் மக்களை வாக்காளராகப் பதிவுசெய்வித்தனர். தங்களுக்குப் பங்கில்லாத திட்டத்துக்குத் தங்கள் வாக்கும் இல்லை என்றனர். திட்டம் தோற்றது. 1921இல் நகரசபை மீண்டும் மக்களிடம் வந்தபோது, கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பாடசாலைக்கும் நிதி ஒதுக்கிக்கொண்டே வந்தது; திட்டம் வென்றது. 1924இல் புக்கர் ரி. வாஷிங்டன் உயர்நிலைப் பாடசாலை திறக்கப்பட்டது.

பிள்ளைகளுக்கு நல்லது செய்யும் திட்டத்தை எதிர்த்து வாக்களிப்பது எளிதான முடிவன்று. பாடசாலைக்குப் பணம் வரும் வழியை மறிப்பதா என்று அன்று சிலர் மனம் கலங்கியிருக்கவும் கூடும். நான் அவ்விடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். ஸ்ரொக்பிரிட்ஜ் என்னும் கிராமத்துக் குத்தகைக் குடியானவரின் மகன் மைக்கல் கிங். எழுத்தறிவு மிகக் குறைந்தவராய் அத்லாந்தாவுக்கு வந்த அந்த இளைஞரை, ஏறத்தாழ இருபது வயதிலே, பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தரத்தில் இருத்தினர். பகலில் வேலை செய்தபடியே படித்தார். மோர்ஹவுஸ் கல்லூரியின் நுழைவுத்தேர்விலே தவறியபோது, நேரே கல்லூரித் தலைவர் ஜோன் ஹோப் அவர்களின் அறைக்குட் புகுந்து முறையிட்டார். ஹோப் அவரைச் சேர்த்துக்கொண்டார். ஒழுங்குவிதியைத் தளர்த்தவேண்டிய நேரம் எது என்பதை ஒழுங்குவிதிப் புத்தகம் சொல்வதில்லை, அதிபர்மார் அறிவர். 1930இல் கிங் பட்டம் பெற்றார்.

அதற்கு முன்னரே, 1926இல், போதகரின் மகள் அல்பேர்ட்டாவை அவர் எபெனேசர் ஆலயத்திலே மணந்திருந்தார். அல்பேர்ட்டா பயிற்றப்பட்ட ஆசிரியை. மணமான பெண்கள் கற்பிக்கலாகாது என்ற அந்நாளைய நகர விதியினால் அவர் வகுப்பறையை இழந்தார். ஆலயத்தின் ஓகன் வாத்தியத்தையும் பாடகர் குழுவையும் தமதாக்கிக்கொண்டார். 1931இல் வில்லியம்ஸ் போதகர் காலமானதும் மருமகன் சபையை ஏற்றார். பொருளாதார மந்தக் காலம், சபையோரிடம் பணமில்லை. ஆயினும் அவர் சபையை நிலைநிறுத்தினார். 1934இல் பேர்ளினிற் கூடிய உலகப் பப்திஸ்து மகாநாட்டுக்குச் சென்று திரும்பிய பின்னர், தமது பெயரையும் மூத்த மகனின் பெயரையும் மார்ட்டின் லூதர் கிங் என்று மாற்றிக்கொண்டார். கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளை ஆசிரியர்களுக்குச் சமமான வேதனம் வேண்டும் என்ற போராட்டத்தையும் முன்னின்று நடத்தினார். ஆசிரிய சங்கத்தாரிற் பலர் இதனை அறியார்.

மகனின் கதையை நேயர்கள் அறிவீர்கள், விரிக்கப்போவதில்லை. 1929இல் அதே ஓபர்ன் அவெனியூவிற் பாட்டனார் வீட்டிலே பிறந்தார். பத்தொன்பதாம் வயதில் அதே ஆலயத்திற் போதகராக அபிஷேகம் பெற்றார். மொண்ட்கொமரி நகரில் பஸ் பகிஷ்கரிப்பை நடத்தினார். 1955இல் பொஸ்ரன் பல்கலைக்கழகத்திற் கலாநிதியானார். 1960 முதல் 1968இற் கொலையுண்ணும் வரை தந்தையாருடன் எபெனேசரில் இணைப்போதகராயிருந்தார். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அவர் பயின்ற உயர்நிலைப் பாடசாலை புக்கர் ரி. வாஷிங்டன் பாடசாலையே. பாட்டனார் போராடிப் பெற்ற பள்ளியிற் பேரன் அமர்ந்து படித்தான். பாட்டனார் அதைக் காணவில்லை.

நம் பக்கத்து நாட்டோடு இதற்கு ஒரு தொடர்பும் உண்டு. 1959இல் டொக்டர் கிங் இந்தியாவிற் பயணஞ் செய்தபோது, திருவனந்தபுரத்திலே தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களின் பிள்ளைகள் பயிலும் பாடசாலைக்குச் சென்றதாகவும், அங்கே அதிபர் தம்மை அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகஞ் செய்ததாகவும், 1965 ஜூலை 4ஆம் நாள் எபெனேசர் ஆலயப் பிரசங்கத்திற் கூறினார். முதலில் மனம் சுருக்கென்றதாம். பின்பு தம் நாட்டில் வாழும் தம்மவரை எண்ணிப்பார்த்து, அச்சொல் உண்மையே என்று ஏற்றுக்கொண்டாராம். பெயர் தெரியாத அந்த அதிபரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1920களின் இறுதியிலே யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சகல பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று பணிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பை அறிந்தவர்கள், அத்லாந்தாவை வெகுதூரத்து ஊராக எண்ணமாட்டார்கள்.

சபை அதன் பின்னரும் துன்பம் கண்டது. 1969இல் இளைய மகன் நீரில் மூழ்கி இறந்தார். 1974 ஜூன் 30ஆம் நாள் ஞாயிறு ஆராதனையில், ஓகன் வாசித்துக்கொண்டிருந்த அல்பேர்ட்டா அம்மையாரை ஒருவன் சுட்டுக் கொன்றான். சபை மூப்பர் ஒருவரும் மாண்டார். மூத்த கிங் அடுத்த ஆண்டு ஓய்வுபெற்றார். சபையோ கலையவில்லை. பின்வந்த ஜோசப் றொபேட்ஸ் முப்பதாண்டுகள் பணிசெய்தார். அவர் காலத்தில், 1999இல், வீதியின் மறுபுறத்திலே பெரிய புதிய ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 2005இல் வந்தவர் ரபாயேல் வார்னொக். 2021 ஜனவரியில் அவர் செனற் சபைக்குத் தெரிவாகி, ஜோர்ஜியாவின் முதலாவது கறுப்பினச் செனற்றரானார். செனற்றரான பின்னரும் போதகர் பதவியை அவர் விடவில்லை.

பழைய செங்கல் ஆலயம் 1960களில் இருந்த கோலத்துக்கே மீளப் புதுக்கப்பட்டு, தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியாகப் பாதுகாக்கப்படுகிறது. அதன் பலகை இருக்கைகளில் அமர்ந்து பார்வையாளர் ஒலிப்பதிவான பிரசங்கங்களைக் கேட்கின்றனர். சபையோர் வீதிக்கு அப்பால், புதிய ஆலயத்திற் கூடுகின்றனர். புக்கர் ரி. வாஷிங்டன் பாடசாலை இன்றும் அதே நகரில், அதே பெயருடன், நடந்துகொண்டிருக்கிறது.