ஏழையின் சட்டத்தரணியும் ஊராரின் வாக்கும்



ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது முன்னோர் மொழி. அம்பலம் ஏறாத அச்சொல்லை நீதிமன்றில் ஏற்றி வைப்பதற்கென்றே ஓர் உத்தியோகத்தர் ஐக்கிய அமெரிக்காவில் இருக்கின்றார். அவரைப் பொதுக் காப்புச் சட்டத்தரணி என்று நாம் அழைக்கலாம். வழக்குத் தொடுப்பவருக்கும் பொதுப் பணமே சம்பளம். அவ்வழக்கை எதிர்த்து, பணமில்லாத எதிரிக்காக வாதாடும் இவருக்கும் பொதுப் பணமே சம்பளம். இத்தகைய ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டியவர் யார்? ஆட்சியாளரா, வாக்காளரா? இதுவே இன்றைய வினா.

கலிபோர்னியாவின் முதற் பெண் சட்டத்தரணியான கிளாரா போல்ட்ஸ் அம்மையார், 1893ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் கூடிய சட்ட மகாநாட்டிலே இப்பதவியின் தேவையை எடுத்துரைத்தார். 1914இல் லொஸ் ஏஞ்சலிஸில் இதற்கென முதல் அலுவலகம் திறக்கப்பட்டது. எனினும், நாடு முழுவதையும் விழிக்கச் செய்தது கிடியன் என்னும் ஏழையின் வழக்கே. புளோரிடாவில் 1961இல் களவுக் குற்றஞ் சாட்டப்பெற்ற அவர், தமக்கொரு சட்டத்தரணி வேண்டுமென்று கேட்டார், மறுக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது. சிறையிலிருந்தபடியே பென்சிலால் எழுதி உயர் நீதிமன்றுக்கு விண்ணப்பித்தார். பாரிய குற்றஞ் சாட்டப்பட்ட ஏழைக்குச் சட்டத்தரணியை அளிப்பது அரசின் கடமை என 1963இல் அம்மன்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. மறு விசாரணையில் சட்டத்தரணி ஒருவர் துணைநிற்க, கிடியன் விடுதலையானார். குற்றச்சாட்டு ஒன்றே, வேறுபட்டது துணை மட்டுமே.

இனி, சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவோம். கலிபோர்னியாவில் இப்பதவியை மக்களே வாக்களித்து நிரப்பும் மாவட்டம் அஃதொன்றே. 2001இல் அப்பதவி இடையில் வெறிதாகவே, நகரபிதா கிமிகோ பேர்ட்டன் என்பவரை நியமித்தார். அவர் மாநில மேற்சபைத் தலைவரின் மகள். அவ்வலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜெப் அடாச்சி வேலை இழந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வழியினர் என்ற ஒரே காரணத்துக்காக விசாரணையின்றி அடைத்து வைக்கப்பட்ட குடும்பத்தின் வழித்தோன்றல் அவர். வேலை போயிற்றென்று வாளாவிருக்கவில்லை. வாக்காளரிடமே வழக்கை எடுத்துச் சென்றார். இப்பதவி செல்வாக்குள்ளோர் பகிர்ந்தளிக்கும் பரிசிலா, அன்றி நீதிமன்ற அனுபவத்தால் ஈட்ட வேண்டியதா என்பதே போட்டியின் சாரம். 2002 மார்ச்சு மாதத்தில் அவர் வென்றார். 2019இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார்.

அவ்வெற்றியின் பயன் பின்னரே தெளிவாயிற்று. 2011இல், ஏழைகள் தங்கும் விடுதி அறைகளிற் பொலிசார் சோதனையிடும் காட்சிகள் பதிவான படங்களை அவர் பகிரங்கப்படுத்தினார். பல வழக்குகள் கைவிடப்பட்டன. பின்பு பொலிசார் சிலர்மீதே வழக்குகள் எழுந்தன. நியமித்தவரின் முகம் பார்த்து இருக்க வேண்டியவருக்கு அத்துணிவு எளிதில் வந்திராது.

ஆயினும், நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. புளோரிடாவில் இப்பதவி தேர்தலாலேயே நிரப்பப்படுகிறது. அங்கு ஜாக்சன்வில் பகுதியில் 2008இல், பொலிசார் சங்கத்தின் ஆதரவு பெற்ற ஒருவர் பதவியிலிருந்தவரைத் தோற்கடித்தார். அனுபவம் முதிர்ந்த சட்டத்தரணிகள் பலர் விலக்கப்பட்டனர். எதிரியைக் காக்க வேண்டியவர், எதிரியைப் பிடிப்போரின் ஆதரவில் வந்தால் காவல் யாருக்கு? 2016இல் வாக்காளரே அவரை அகற்றினர் என்பது உண்மை. ஆனால், இடைப்பட்ட எட்டாண்டுகளில் கூண்டில் நின்றோருக்கு அத்திருத்தம் காலங்கடந்ததே.

எனவே, தேர்தல் தன்னளவில் நீதியைத் தந்துவிடாது. நியமனத்தில் ஒருவருடைய தயவுக்கு அஞ்ச வேண்டும். தேர்தலில் ஊராரின் சினத்துக்கு அஞ்ச வேண்டும். பெரும்பான்மையோர் வெறுக்கும் ஒருவனுக்காகப் பேசுபவரைப் பெரும்பான்மையோரே தெரிவு செய்வதென்பது வாக்காளருக்கு வைக்கப்படும் கடுஞ்சோதனை. அச்சோதனையிற் சான் பிரான்சிஸ்கோ மக்கள் 2002இல் தேறினார்கள். கூண்டில் நிற்பவன் நமக்கு வேண்டாதவனாக இருக்கலாம். அவனுக்குக் கிடைக்கும் நியாயம் நமக்கு வேண்டியது. அதனை உணர்ந்த ஊரிலேதான் ஏழை சொல்லும் அம்பலம் ஏறும்.