பிள்ளை தங்காதது தோஷத்தாலா?



சில வீடுகளில் "பிள்ளை தங்குவதில்லை" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிறக்கும்போது நன்றாயிருக்கும் குழந்தை, சில மாதங்களில் ஆறாத வாய்ப்புண், ஓயாத பேதி, மார்ச்சளி என்று மெலிந்து இறந்துபோகும். அடுத்ததும் அப்படியே. உடனே மருமகள் வந்த வேளை என்பார்கள், நாகதோஷம் என்பார்கள்; பரிகாரத்துக்கு நகை அடகுக்குப் போகும். பரிகாரம் செய்தும் பிள்ளை செத்தால் தோஷம் பெரிது என்பார்களேயொழிய, பரிகாரம் பொய் என்று சொல்லமாட்டார்கள்.

இப்படிச் சாகும் பிள்ளைகளெல்லாம் ஒரே வியாதியால் சாகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சில குழந்தைகள் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுப் படையே இல்லாமல் பிறக்கின்றன. தாய் கொடுத்த எதிர்ப்புச் சத்து சில மாதம் காக்கும். அது தீர்ந்ததும் சாதாரணக் கிருமியே எமனாகிவிடும்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 1971-ல் டேவிட் வெட்டர் என்ற சிறுவன் பிறந்தான். அவன் அண்ணன் இவ்வியாதியால் முன்பே இறந்திருந்ததால், பிறந்தவுடனே இவனைக் கிருமி புகாத பிளாஸ்டிக் கூண்டில் வைத்தார்கள். 12 வருஷம் தாயின் கை அவன்மேல் நேரே பட்டதில்லை. கடைசியில் அக்காளின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார்கள். அதில் ஒளிந்திருந்த வைரஸால் 1984-ல் இறந்தான். அவனுக்கிருந்த வகைக்குக் காரணமான மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். அது தாய்வழியாக ஆண்பிள்ளைக்கு வருவது.

"அப்படியானால் தாயின் குற்றந்தானே?" என்று யாராவது கேட்கலாம். தன் இரத்தத்தில் இருப்பதே தெரியாதவளுக்குக் குற்றம் ஏது? மேலும், வேறு வகைகளில் தாய் தகப்பன் இருவரும் சேர்ந்தே கொடுக்கிறார்கள். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொத்து வெளியே போகாமல் கட்டிக்கொள்ளும் நம்மிடம் அதற்கு இடம் அதிகம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் இதைப் பார்த்தார்களா?

இப்பொழுது முதற்சோதனை சாதாரண இரத்தப் பரீட்சைதான். வெள்ளணுக்களில் லிம்போசைட் என்னும் வகை மிகக் குறைந்திருந்தால் வைத்தியர் சந்தேகப்படுவார். மஜ்ஜை மாற்று 1968 முதலே பலித்து வருகிறது. முதல் மூன்றரை மாதத்துக்குள் செய்தால் 100-க்கு 90-க்கு மேல் பிழைக்கிறார்கள். நாள் கடத்தினால் அந்த வாய்ப்புக் குறையும்.

முக்கியமான இன்னொரு சங்கதி. பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருக்கிறது. மற்றக் குழந்தைகளுக்கு அது காவல். இந்தக் குழந்தைக்கு அதுவே வியாதி. இதைக் கேட்டு ஊசிக்குப் பயந்து ஓடாதீர்கள். முன்பு ஒரு சிசு இப்படி இறந்த வீடானால், அடுத்த பிரசவத்துக்குப் போகும்போதே, ஊசி போடுமுன் அதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். மறைக்க இதில் வெட்கம் ஒன்றுமில்லை.