கூரியரில் வரும் டி.என்.ஏ. சோதனை
(சங்கக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)

டி.என்.ஏ. சோதனைப் பெட்டி இப்போது கூரியரிலேயே வருகிறது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால், குழந்தைக்கு அப்பா இவர்தானா என்று சொல்லிவிடுவார்கள். ஆய்வகம் சரியாகவே சொல்லட்டும். அந்த எச்சில் யாருடையது என்பதற்குச் சாட்சி ஏது? சொத்து வழக்கிலோ ஜீவனாம்ச வழக்கிலோ அந்தத் தாளை மட்டும் நீட்டினால் எடுபடாது.

நீதிமன்றமே இந்தச் சோதனைக்குச் சுலபத்தில் உத்தரவிடுவதில்லை. எடுத்த எடுப்பில் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொன்னது. கணவன் மனைவி சண்டைக்குள் குழந்தையை இழுக்காதீர்கள் என்பதுதான் 2023 தீர்ப்பின் சாரமும்.

விவரம் தெரியாத பிள்ளையை "ஆ காட்டு" என்று சொல்லிப் பஞ்சைத் தேய்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அவசியம் தேவையென்றால் முதலில் வக்கீலைப் பாருங்கள். பெட்டியைப் பிறகு வாங்கலாம்.